காலி வீடு என்று எழுதிய கடிதம்

அந்த வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டினேன். பதில் இல்லை. மூன்றாவது முறை தட்டியிருக்கலாம். தட்டவில்லை. கையில் இருந்த உத்தரவில், ‘வீடு காலியாக உள்ளது, உரிமையாளர் வேண்டுகோளின்படி இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று எழுதியிருந்தது. காலி வீட்டின் கதவை எத்தனை முறை தட்டுவது என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. குமாரபாளையம் கரண்டாபீஸில் நான் வயர்மேனாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுடையது திருச்செங்கோட்டுப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிற குடும்பம். எங்கள் ஊருக்கே அப்போது கரண்டு வரவில்லை. கம்பத்தில் ஏறுகிறவன் என்பதால் ஊருக்குப் போனால் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். எனக்கும் அந்த மிதப்பு கொஞ்சம் இருந்தது. உத்தரவு என்று ஒரு காகிதம் கைக்கு வந்தால் செய்து முடித்துவிடுவேன். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

மார்கழி மாதம், காலை பத்து மணி இருக்கும். காவிரியிலிருந்து வந்த காற்று வெயிலிலும் சில்லென்று இருந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். கைத்தறிகளுக்கு நடுவில் விசைத்தறிகளும் வரத் தொடங்கியிருந்த காலம். நான் தேடிப் போனது தெருக்கோடியில் இருந்த ஓட்டு வீடு. ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பழைய சேலைத் துணியைத் திணித்திருந்தார்கள். வெளியூர் போகிறவர்கள் எலிக்குப் பயந்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கதவில் பூட்டுத் தொங்கவில்லை. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் கழித்துப் பொய் சொல்ல விரும்பவில்லை.

அன்று என்னோடு வர வேண்டிய ஆள் லீவு. எதிர் வீட்டு நெசவுக்காரரைக் கூப்பிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

“ஏனுங்க, அந்தூட்டுல ஆரோ இருக்கறாப்பல தெரியுதுங்களே. லாரி டிரைவரு சம்சாரம் பிரசவத்துக்குன்னு சேலம் போயிருந்துச்சு. நாலு நாளைக்கு முந்தி ஒரு குதிரை வண்டி வந்து நின்னுச்சுங்க.”

“ஊட்டுக்காரரே காலின்னு எழுதிக் குடுத்திருக்கறாருங்க. நீங்க ஏணியைப் புடிங்க, போதும்” என்றேன்.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போகிற கம்பியைக் கம்பத்தில் கழற்றிச் சுருட்டிக் கட்டினேன். ஐந்து நிமிட வேலை. ஏணியைச் சைக்கிளில் வைத்துக் கட்டி உருட்டிக்கொண்டு ஆற்றோரத்துக்குப் போனேன். அங்கே ஒரு சாயப்பட்டறையில் ஸ்விட்ச் பலகை மாற்றுகிற வேலை இருந்தது.

பதினோரு மணி தாண்டியிருக்கும். நெசவுக்காரர் ஓடி வந்தார். மேல்துண்டு இல்லை, காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியதில் முதலில் பேச்சே வரவில்லை.

“வாங்க. கெளம்பி வாங்க. அந்தூட்டுல கொழந்தை கெடக்குதுங்க. லைட்டுப் போட்டு வெச்சிருந்த கொழந்தை. சில்லுன்னு போச்சுங்க.”

லைட்டுப் போட்டு வைத்த குழந்தை என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் கழற்றிய கம்பி நினைவுக்கு வந்தது. ஏணியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு ஓடினோம். சைக்கிளை எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. இரண்டு கம்பளிகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் தேயிலைப் பெட்டி ஒன்று. அதன் உள்பக்கம் தகரம் அடித்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பல்பு மாட்டியிருந்தது. இந்தப் பக்கம் பஞ்சு மெத்தை. பெட்டியின் ஓரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. அதன் நடுவில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. மேலே சுவரில் மாதா படம்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணா, கரண்டு எப்ப வருமுங்க?” என்று கேட்டாள். நான்தான் நிறுத்தியவன் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ரவிக்கையை லேசாக விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற முகம். உதட்டைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

“அழுகலீங்க. அரை மணி நேரமா அழுகவே இல்லீங்க” என்றாள்.

நான் வெளியே ஓடினேன். முறைப்படி செய்வதென்றால் டிரான்ஸ்பார்மருக்குப் போய் அந்தத் தெரு லைனை நிறுத்திவிட்டு வந்துதான் கம்பத்தில் கை வைக்க வேண்டும். போய் வர இருபது நிமிடம் ஆகும். கையுறையைச் சாயப்பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது ஏணியில் பாதி ஏறிய பிறகுதான் தெரிந்தது. இறங்கவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டேன். கம்பி முனை இரண்டு முறை நழுவியது. ஒரு முறை இடது கையில் வாங்கினேன். தோள் வரைக்கும் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. கீழே நெசவுக்காரர், “சாமி, பாத்துங்க, சாமி, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செத்துப்போவேனோ என்ற பயம் அப்போது வரவில்லை. இறங்கிப் போகும்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டால், பெரியவர்கள் அழுகிற சத்தம் கேட்டால், என்ன செய்வேன் என்ற பயம்தான்.

பல்பு எரிந்தது. ஆனால் பெட்டி சூடாக நேரமாகும் என்று அந்தப் பெண் சொன்னாள். சிவப்பு நூலுக்குப் பாதரசம் ஏறி வந்த பிறகுதான் குழந்தையை உள்ளே வைக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியது. அதுவரை நெஞ்சை விட்டு இறக்கக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பு மூட்டி, காலி சீசாக்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் கொண்டு வந்தார்கள். அவள் மடியில் இரண்டு பக்கமும் வைத்தார்கள். நான் தெர்மாமீட்டருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

காத்திருந்த அந்த நேரத்தில் அவள் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. ஏழாம் மாதம் முடிந்த உடனே பிறந்த குழந்தை. பிறந்தபோது மூன்றேகால் பவுண்டு. சேலத்தில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இதற்கு மேல் இடம் இல்லை என்று இந்தப் பெட்டியைச் செய்யச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால். காற்று படக் கூடாது என்றுதான் இடுக்கெல்லாம் துணி. புருஷன் சவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போயிருக்கிறார், வர இன்னும் ஒரு வாரம். துணைக்கு இருந்த சின்னம்மா மருந்து வாங்க அன்று காலை பஸ்ஸில் சேலம் போய்விட்டார்.

“கதவைத் தட்டினது கேக்கலியா, அம்மிணி?” என்று நெசவுக்காரர் கேட்டார்.

“கேட்டுச்சுங்க. ஊட்டுச் சொந்தக்காரரோட ஆளுன்னு நெனைச்சனுங்க. முந்தாநேத்து வந்து, தறி போடப் போறோம், ஊட்டைக் காலி பண்ணுன்னு சத்தம் போட்டானுங்க. அந்தச் சத்தத்துக்கே கொழந்தை தூக்கிப் போட்டுச்சு. அதான் மூச்சு விடாம உக்காந்துட்டனுங்க.”

பல்பு அணைந்ததும் ஊருக்கே கரண்டு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிர் வரிசையில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. தறி ஓடுகிறது என்றால் தெருவில் கரண்டு இருக்கிறது. தன் வீட்டுக்கு மட்டும் இல்லை. அது தெரிந்த பிறகும் குழந்தையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகப் பயம். எடுத்துக்கொண்டு காற்றில் வெளியே வரவும் பயம். அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நெசவுக்காரர் மனசு கேட்காமல் போய்த் தட்டிக் குரல் கொடுத்த பிறகுதான் கதவைத் திறந்திருக்கிறாள்.

“நான்தான் கழட்டினேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “கம்பியை நான்தானுங்க கழட்டினேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு கோடு ஏறணும்” என்று மட்டும் சொன்னாள்.

குழந்தையைப் பெட்டிக்குள் வைத்தபோது மணி பன்னிரண்டரை. அதன் பிறகும் வெகுநேரம் அது அசையவில்லை. ஒரு பெண் முணுமுணுவென்று ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். இன்னொரு பெண் என்னைப் பார்க்காமல் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. எண்ணெய் காணாத கீல் லேசாக முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். நான் எழுந்து வெளியே வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

ஆபீஸுக்குப் போகும் வழியெல்லாம் வேறு பயம் பிடித்துக்கொண்டது. உத்தரவுப்படி நிறுத்திய இணைப்பை உத்தரவு இல்லாமல் திரும்பக் கொடுத்திருக்கிறேன். லைனை நிறுத்தாமல், கையுறை இல்லாமல் கம்பத்தில் ஏறியிருக்கிறேன். இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் வேலை போகலாம். எங்கள் சூப்பர்வைசர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேட்பவர்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு இல்லாததைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

“யாரைக் கேட்டுத் திரும்பக் குடுத்த?” என்றார்.

“ஆரையும் கேக்கலீங்க.”

“திரும்பப் போய்க் கழட்டுன்னு நான் சொன்னா?”

“என்னால ஆவாதுங்க. வேற ஆளை அனுப்பிக்குங்க” என்றேன். சொல்லிவிட்டு, என் வேலை அந்த நிமிடத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “வீட்டைக் காட்டு” என்றார்.

பெட்டிக்கு முன்னால் அவர் குனிந்து நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார். மூச்சுக் காற்று குழந்தை மேல் படக் கூடாது என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இன்னும் எத்தன நாளைக்கு இந்த லைட் வேணும்மா?”

“அஞ்சு பவுண்டு ஆகணும்னு சொன்னாங்கய்யா. ஒன்றரை மாசமோ, ரெண்டு மாசமோ.”

ஆபீஸுக்குத் திரும்பியதும் உரிமையாளரின் கடிதத்தை எடுத்து, அதன் ஓரத்தில், ‘நேரில் பார்த்தேன். வீடு காலியாக இல்லை. விசாரணை முடியும் வரை இணைப்பு நீடிக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எனக்கு ஒரு மெமோ எழுதினார். பாதுகாப்பு விதியை மீறிக் கம்பத்தில் ஏறியதற்கு விளக்கம் கேட்டு. திரும்பக் கொடுத்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மறுநாள் காலையிலேயே வீட்டுச் சொந்தக்காரர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு. மரியாதையாகத்தான் பேசினார்.

“எம்பட ஊடு, எம்பட பேர்ல இருக்கற கனெக்சனுங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தா நிறுத்தறதுதானுங்களே மொறை?”

“காலின்னு எழுதியிருக்கீங்க” என்றார் சூப்பர்வைசர்.

“எழுதறப்போ காலிதானுங்க. அந்தப் புள்ளை ஆஸ்பத்திரியில இருந்துச்சு.”

“சரி. மூணு நாளைக்கு முன்னால உங்க ஆள் போய்க் காலி பண்ணச் சொல்லிச் சத்தம் போட்டானே, யார்கிட்ட போட்டான்? சுவத்துகிட்டயா?”

வீட்டுக்காரர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

“குடியிருக்கறவங்களைக் கிளப்பணும்னா கோர்ட்டு இருக்கு. அதுக்கு என் ஆளைக் கம்பத்துல ஏத்தாதீங்க. நேத்து அங்க ஒரு உயிர் போயிருந்தா, உங்க லெட்டரும் இவன் கையும் என் கையெழுத்தும் மூணும் சேந்துதான் பதில் சொல்லணும்.”

“மேலாபீஸுக்குப் போறனுங்க” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் எனக்குள் புதுசாக ஒரு பயம் முளைத்தது. மேலாபீஸ் எதற்கு? அந்த வீட்டில் மெயின் ஸ்விட்சும் ஃபியூஸும் வாசல் பக்கத்துச் சுவரில் வெளியேதான் இருந்தன. யாராவது போகிற போக்கில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனால் தீர்ந்தது. உள்ளே இருக்கிறவளுக்கு மறுபடியும் ஊருக்கே கரண்டு போன மாதிரிதான் இருக்கும். இதைச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து சீல் வைக்கிற இடுக்கியை எடுத்துக் கொடுத்தார்.

“ஸ்விட்சையும் ஃபியூஸையும் சேத்து மூடி போட்டு ஈய சீல் வை. அதுக்கப்புறம் தொட்டா அது அந்தப் பொண்ணு விவகாரம் இல்ல, ஆபீஸ் விவகாரம். தொடறவன் யோசிப்பான்.”

சாதாரணமாக மீட்டருக்கு வைக்கிற சீல் அது. அன்று மதியமே போய் வைத்தேன். தெருக்காரர்கள் பார்க்கிற மாதிரி, வேண்டுமென்றே மெதுவாக வைத்தேன். எதிர் வீட்டு நெசவுக்காரர் தறியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட முடியாததால், தான் உட்காருகிற இடத்திலிருந்து அந்தச் சுவர் தெரிகிற மாதிரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வந்த ஏழு வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்வது கஷ்டம். காலையில் வேலைக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். சாயங்காலமும் அப்படியே. சீல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். உள்ளே போக மாட்டேன். போனால் குழந்தை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். லைன் வேலைக்காகத் தெருவில் கரண்டை நிறுத்த வேண்டிய நாட்களில், முந்தின நாளே வாசலில் நின்று, “நாளைக்கு ஒம்பது மணியிலிருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்காதுங்க, வெந்நீர் ரெடி பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த மூன்று மணி நேரமும் கம்பத்தில் என் கை ஓடாது. கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். ஒருவர் மட்டும் பேசாமல் என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்.

பம்பாயிலிருந்து திரும்பிய புருஷன் ஒரு நாள் என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தார். ஆறடி உயரம். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் நிறுத்துனீங்கன்னு ஊட்டுல சொன்னா. நீங்கதான் குடுத்தீங்கன்னும் சொன்னா. எனக்கு எதைப் பேசறதுன்னே தெரியலீங்க” என்றார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்த சின்னம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தை ஐந்து பவுண்டைத் தாண்டிவிட்டது, இனி பெட்டி வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். லைட்டை நானே அணைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டதாகக் காட்டத்தான் அப்படிச் சொன்னாள் என்று புரிந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை மேலே போகவில்லை. எத்தனையோ வீட்டில் விளக்கை நிறுத்திய கை. “நீங்களே பண்ணுங்க, அம்மிணி, எனக்கு வேண்டாம்” என்றேன். அவளும் உடனே செய்யவில்லை. குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அணைத்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. நாங்கள் எல்லோரும் அதன் உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் அவர்கள் வீட்டைக் காலி செய்து சேலம் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மேலாபீஸுக்குப் போனாரோ இல்லையோ, எங்களுக்கு எந்தக் காகிதமும் வரவில்லை. அந்த வீட்டில் ஆறு தறி ஓடியது. எனக்கு மெமோவுக்காக ஒரு எச்சரிக்கை மட்டும் பதிவானது.

சூப்பர்வைசர் அந்த வருடமே ஒரு பழைய நோட்டை எடுத்து, இணைப்பை நிறுத்தப் போகும் முன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கள் செக்‌ஷனில் வழக்கமாக்கினார். மேலிடத்து உத்தரவு எதுவும் அதற்குக் கிடையாது. கரண்டை நிறுத்தக் கூடாத வீடுகளையும் அதிலேயே குறித்து வைத்தோம். முதல் பக்கத்தில் ஒரு மூச்சிரைப்புக்காரர் வீடு, மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாதவர். அடுத்து, பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியம்மாவின் வீடு. அவர்கள் கிணற்று மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் இறைக்க வேறு ஆள் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சிலர் பொய் சொல்லியும் பேர் சேர்த்துக்கொண்டார்கள். தெரிந்தேதான் எழுதிக்கொண்டோம்.